சுவிட்சு போடும் கை

அத்தியாயம் – 14

பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர் போகும் காலை பஸ்ஸில் தெய்வநாயகியின் மடியில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. அதற்குள் ஊறவைத்த காய்ந்த மிளகாய், தனியா, மிளகு, சீரகம், உரித்த சின்ன வெங்காயம், பத்தை போட்ட தேங்காய். ஒரு மீன் குழம்புக்கு வேண்டிய மசாலா மொத்தமும் அரைபடாமலே டிக்கெட் வாங்கி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

"மிக்ஸி வாங்கப் போறவங்க யாராச்சும் மசாலாவக் கையோட எடுத்துனு போவாங்களாக்கா? கடக்காரன் சிரிக்கப் போறான்" என்றாள் பக்கத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி.

"மீனு வாங்கறப்போ செவுளத் தூக்கிப் பாக்காம வாங்குவியா நீ? அரைச்சுக் காட்டட்டும். அப்பால பாத்துக்கலாம்."

தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெய்வநாயகியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

கார்த்திகை மாதம், அவர்கள் குப்பமான தோணிரேவில், கரையில் நின்று படகிலிருந்து நண்டுக் கூடையை வாங்கியவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது, வலு மட்டும் திரும்பவில்லை. அம்மிக் குழவியைப் பிடித்து நாலு தள்ளு தள்ளினால் கை மரத்துப்போகும். அண்ணன் பொன்னுரங்கமும் தம்பி வடிவேலுவும் ஒரே படகு, ஒரே உலை என்று வாழ்கிற வீடு அது. அண்ணன் மனைவியின் கை ஓய்ந்ததும், அடுப்பு தம்பி மனைவி சாமுண்டீஸ்வரியின் வசம் போனது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தெய்வநாயகியின் மகள் லட்சுமிக்குத் தாம்பூலம் மாற்ற ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மடவை மீன் குழம்புக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் தன் கையால் மசாலா அரைக்க வேண்டும். வேறு கை அரைத்தால், போகிற இடத்தில் பெண்ணுக்கு அடுப்பு சொந்தமாகாது என்பார்கள்.

போன வாரம் இந்தப் பேச்சு வந்தபோது சாமுண்டீஸ்வரி கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள்: "அதுக்கின்னா, நானே அரைச்சுடறேன். அக்காவுக்குத்தான் கை இல்லியே."

கை இல்லியே. தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி அந்தச் சொல் ஆறு நாளாகத் தெய்வநாயகியைக் குத்திக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் திங்கட்கிழமை புருஷனிடம், "ஒரு மிக்ஸி வாங்கலாமாய்யா?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்பார் என்று நினைத்தாள்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. "பொதங்கெழம போலாம்" என்றார். அவ்வளவுதான். பேச்சை உப்பு மாதிரி அளந்து போடுகிற மனிதர் அவர்.

இன்று புதன்கிழமை. பஸ்ஸின் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை வெயில் பின்னிக்கொண்டிருக்க, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. கம்பி இரண்டு உடைந்த குடை, விரிக்கவே முடியாது. ஆனாலும் குடை இல்லாமல் டவுனுக்குப் போவது அவருக்குச் சட்டை இல்லாமல் போவது போல.

சாமுண்டீஸ்வரியை யாரும் அழைக்கவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் பூ வைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிவிட்டாள்.

மீஞ்சூர் ஸ்டேஷன் ரோட்டில் காஜா மைதீன் பாயின் எலக்ட்ரிக் கடை. பாய்க்குப் பூர்வீகம் பழவேற்காடுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊருக்கு வந்து பொன்னுரங்கத்தின் படகு மீனை எதிர்பார்த்து நிற்பவர்.

"வாங்கண்ணே, வாங்கக்கா! இன்னா இது, ஏரியே கடைக்கு வந்துகீது!"

உள்ளே காலை வைத்ததும் தெய்வநாயகி நின்றுவிட்டாள். தலைக்கு மேல் ஆறு ஃபேன்கள் சுற்றின. பட்டப்பகலில் குழல் விளக்குகள் எரிந்தன. அவள் தெருவுக்குக் கரண்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு குண்டு பல்பைப் போட்டால் உடனே அணைக்கச் சொல்லும் வீடு. இங்கே கரண்டு தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

"மிக்ஸி பாக்க வந்தோம் பாய்" என்றார் பொன்னுரங்கம்.

"மூணு ரகம் காட்டறேன். புடிச்சத எடுத்துக்கங்க."

முதலில் வந்தது வெள்ளை நிறத்தில் ஒற்றை ஜாடியோடு ஒரு குட்டி மிக்ஸி. பாய் அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிச் சுற்றிக் காட்டினார். தண்ணீர் நுரைத்தது.

"தண்ணிய அரைச்சு இன்னா பாய் பண்றது?" என்று தெய்வநாயகி தூக்கைத் திறந்தாள். "எங்க மசாலா கீது. மூணு பங்கு வெச்சிருக்கேன். மூணுலயும் அரைச்சுக் காட்டு."

பாய் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இருவது வருசமா கடை வெச்சிருக்கேன். சரக்கோட வந்த மொத கிராக்கி நீங்கதான்கா."

குட்டி மிக்ஸி அலறியது, சுற்றியது, சூடேறி வாடை விட்டது. தெய்வநாயகி ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தாள். "மொளகா வெதை முழிச்சுனு பாக்குது. வேணாம்."

அடுத்து பாய் உள்ளே போய் ஒரு பெரிய டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். வைக்கும்போதே முகத்தில் ஒரு பெருமை.

"இது மிக்ஸி இல்லக்கா. ஃபுட் பிராசஸர். மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணே ஒண்ணு வரவழைச்சேன். மீஞ்சூர்ல வேற யாரண்டயும் கெடையாது."

கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டி, அதற்குள் தட்டு தட்டாகக் கத்திகள், மேலே புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். பாய் குழாய்க்குள் இரண்டு வெங்காயத்தைப் போட்டு அமுக்கினார். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டிக்குள் வெங்காயம் வில்லை வில்லையாகக் கிடந்தது. ஒரு வில்லையை எடுத்துக் குழல் விளக்குக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் அதன் வழியாக வந்தது.

கத்தியை மாற்றி, கோதுமை மாவும் தண்ணீரும் ஊற்றினார். மாவு முதலில் பொடியாகப் பறந்தது, பிறகு கட்டி கட்டியாகச் சேர்ந்தது, திடீரென்று ஒரே உருண்டையாகித் தானே உருள ஆரம்பித்தது.

"யம்மாடி!" சாமுண்டீஸ்வரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னா பாய் இது, உள்ள ஆளு கீளு வெச்சிருக்கியா?"

தெய்வநாயகிக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷம் அவள் குழவியைத் தள்ளிய தூரத்தை நீட்டி வைத்தால் மெட்ராஸ் போய்த் திரும்பியிருக்கலாம். அத்தனை தூரத்தையும் இந்தச் சட்டி ஒரு மூச்சில் ஓடி முடித்துவிட்டு, ஒரு துளி வேர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மனுஷன் மூளைக்கு இப்படியெல்லாம் செய்ய வருமா? இதைச் செய்தவனைப் பெற்றவள் யாரோ, அவள் எத்தனை நாள் கை வலிக்குது என்று சொல்லியிருப்பாளோ என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"உங்க மசாலாவப் போடுங்கக்கா. மூடியத் திருவிப் பூட்டுனாதான் மிஷினு ஓடும். கை கிய்யி உள்ள போயிறக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கான். நீங்களே பூட்டிப் பாருங்க."

தெய்வநாயகி மசாலாவைப் போட்டு மூடியை வைத்தாள். திருகினாள்.

மூடி பாதி வரை வந்தது. அதற்கு மேல் மணிக்கட்டு திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினாள். வலி முழங்கை வரை ஏறியது. இடது கையைக் கொடுத்துப் பார்த்தாள், சட்டி சேர்ந்து சுற்றியதே ஒழிய மூடி பூட்டவில்லை. கடையில் எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளுக்கா" என்று சாமுண்டீஸ்வரி வந்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். டக்.

இயந்திரம் ஓடியது. மசாலா சட்டியின் ஓரத்தில் சிதறி ஒட்டிக்கொண்டது, நடுவில் கொஞ்சம் அரைபட்டது. ஆனால் சாமுண்டீஸ்வரி அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை.

"மாமா, இதையே வாங்கிடலாம் மாமா! ஊரே நம்மூட்டு வாசல்ல வந்து நிக்கும். பூட்டறதுக்குத்தான் நான் கீறேனே. அக்காவுக்கின்னா கஷ்டம்?"

கஷ்டம் என்னவென்று தெய்வநாயகிக்குத்தான் தெரியும். இந்த அதிசயம் வீட்டுக்கு வந்தால் அடுப்போடு சேர்ந்து இதுவும் சாமுண்டீஸ்வரியின் கைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பெற்றவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதுவரை ஃபேனுக்குக் கீழே குடையை ஊன்றிச் சும்மா நின்றுகொண்டிருந்த பொன்னுரங்கம் கேட்டார்.

"பாய், மூடியத் திருவ வேணாம்னு ஒண்ணு கீதா?"

தெய்வநாயகி திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீதே!" பாய் மூன்றாவதை எடுத்து வைத்தார். பச்சை நிறம், மூன்று எவர்சில்வர் ஜாடி, முன்னால் வரிசையாக மூன்று அமுக்குச் சுவிட்சு. "மூடிய மேல வெச்சு அமுக்குனா போதும். ஜாடி தன்னால ஒக்காந்துக்கும். ஆனா இது வெட்டாது, பெசையாது. அரைக்கும், அவ்ளோதான்."

"அரைச்சா போதும்" என்றார் பொன்னுரங்கம்.

தெய்வநாயகி கடைசிப் பங்கு மசாலாவைப் போட்டாள். மூடியை வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். வலது கையின் ஆள்காட்டி விரலைச் சுவிட்சின் மேல் வைத்தாள். அமுக்கினாள்.

ஜாடி கர்ஜித்தது. உள்ளங்கைக்குக் கீழே மூடி, கரையில் போட்ட மீன் மாதிரித் துடித்தது. பயத்தில் விட்டுவிடப் பார்த்தாள், விடவில்லை. நிறுத்தித் திறந்ததும் எழுந்த வாசனையில் சாமுண்டீஸ்வரியே எட்டிப் பார்த்தாள். விரலில் தேய்த்தால் விதை இல்லை, திப்பி இல்லை. நாக்கில் வைத்தாள். மிளகாய் முன்னால் வந்தது, தேங்காய் பின்னால் வந்தது. இந்த ருசியை அவள் ஐந்து மாதமாகத் தொடவில்லை.

"இதான்" என்றாள்.

பாய் டப்பாவைக் கட்டக் கை நீட்டினார். "இரு பாய்" என்று பொன்னுரங்கம் குறுக்கே வந்தார். "இன்னொரு தபா ஓட வுடு. ஜாடி வேணாம், சும்மா ஓட வுடு."

ஓடுகிற இயந்திரத்தின் மேல் குடையின் இரும்பு முனையை மெல்ல வைத்தார். குனிந்து, கைப்பிடியில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தெய்வநாயகி சிரிக்கவில்லை. முகத்துவாரத்தில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் மேல் முனையில் காதை வைத்து, கத்தாளை மீன் கூட்டம் எந்தத் திசையில் கத்துகிறது, எத்தனை ஆழத்தில் கத்துகிறது என்று சொல்கிறவர் அவர். இருபது வருஷமாக ஊர் சொல்லிக் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை. பெண்கள் அந்தப் படகில் ஏறுவதில்லை. இன்று மீஞ்சூர் ஸ்டேஷன் ரோட்டில் பார்த்தாள்.

"இது வேணாம்" என்று நிமிர்ந்தார். "உள்ள ஒண்ணு தடவுது. ஏழு சுத்துக்கு ஒரு தபா தடவுது. வேற டப்பா குடு."

"அண்ணே, இது புது சரக்குண்ணே!"

"தெறந்து பாரு."

பாய் முணுமுணுத்துக்கொண்டே திருப்புளியை எடுத்து அடிப்பக்கத்தைக் கழற்றினார். எட்டிப் பார்த்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார். உள்ளே தண்டைத் தாங்கும் வளையத்தில் ஒரு திருகு தளர்ந்து, மெலிசாகத் தேய்ந்த பளபளப்பு.

"யா அல்லா" என்றார் பாய், மெதுவாக. சிரித்த இரண்டு பேரும் இப்போது குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது டப்பாவைப் பிரித்து ஓட்டினார்கள். பொன்னுரங்கம் ரொம்ப நேரம் கேட்டார். "இது ஒரே சீரா கீது" என்று குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தெய்வநாயகிக்கு அந்த மனுஷனின் உடைந்த குடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கடையில் வைத்து எப்படிச் செய்வாள்?

கிளம்பும்போது பாய் ஒன்றை மட்டும் விரலை நீட்டிச் சொன்னார். "அண்ணே, அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. ஜாடியக் கழுவலாம். கீழ கீற மோட்டார் மேல மட்டும் தண்ணி படக் கூடாது. ஒரு சொட்டு படக் கூடாது."

மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

தோணிரேவில் அவர்கள் இறங்கும்போது மணி ஒன்றரை. டப்பா வீட்டுக்குள் போவதற்குள் தெருவில் பாதி பேர் பின்னால் வந்துவிட்டார்கள். வாசலில் கருவாடு காயப் போட்டிருந்த குப்பம்மா அப்படியே எழுந்து வந்து, "உள்ள இன்னா கீது? டீவியா?" என்றாள்.

"மிக்ஸி" என்றாள் சாமுண்டீஸ்வரி, தானே பெற்றெடுத்த மாதிரி. "மாமா காதுல வெச்சு வாங்கினாரு."

பிளக்குக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டுப் பச்சை மிக்ஸியை உட்கார வைத்தார்கள். கூட்டம் கப்சிப். குழந்தைகளைக் கூடத் தள்ளி நிறுத்தினார்கள். பொன்னுரங்கம் கைகால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். கையில் பித்தளைச் செம்பு, அதில் வேப்பிலை.

தெய்வநாயகி கற்பூரம் ஏற்றினாள். மூன்று சுவிட்சுக்கும் மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். புதுப் படகு கட்டி இறக்கும்போது என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தார்கள். அந்த வீட்டுக்குள் இத்தனை பெரிய பொருள் வந்தது படகுக்கு அடுத்து இதுதான். வேறு எப்படி வரவேற்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

பொன்னுரங்கம் செம்பைத் தூக்கினார். படகின் மூக்கிலிருந்து வால் வரை ஊற்றுகிற மாதிரியே, முன்பக்கம் ஆரம்பித்து பின்பக்கம் வரை நிதானமாக, பக்தியாக, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரையும் மிக்ஸியின் தலையில் ஊற்றி முடித்தார். குலவை போட்டார்கள்.

அடிபம்பிலிருந்து குடத்தோடு வந்த லட்சுமி வாசலிலேயே அலறினாள்.

"நைனா! இன்னா பண்ணிக்கினு கீற? யாரும் பிளக்கத் தொடாதீங்க! தொடாதீங்க!"

குடம் கீழே விழுந்தது. ஓடிவந்து பிளக்கைப் பார்த்தாள். நல்லவேளை, இன்னும் சொருகவில்லை.

"கடக்காரரு தண்ணி படக் கூடாதுன்னு சொல்லலியா?"

"சொன்னாரு" என்றார் பொன்னுரங்கம். "இது மஞ்சத் தண்ணிதானம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. செம்பு கையில் அப்படியே நின்றது. லட்சுமி மிக்ஸியைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடியில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியாக மஞ்சளாகத் தண்ணீர் ஒழுகியது. நின்று, மறுபடி ஒழுகியது.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. செத்த வீட்டில் சொல்லாமல் போவது போல யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தெய்வநாயகி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் அவளுக்குக் கை வந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டது. கோபம் வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று.

"வெயில்ல வெக்கலாம்" என்றாள் லட்சுமி. "உள்ள சொட்டு ஈரம் இல்லாம காஞ்சா ஓடும்னு நெனைக்கறேன். ஆனா காஞ்சுட்ச்சான்னு எப்டித் தெரியும்? ஈரத்தோட போட்டா எரிஞ்சுரும்."

பொன்னுரங்கம் மிக்ஸியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொதிக்கிற மணலில், குப்பம்மாவின் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், வரவில்லை. அரைமணிக்கு ஒரு தடவை குடையின் முனையை மிக்ஸியின் மேல் வைத்துக் காதைக் கொடுத்தார்.

"இன்னும் உள்ள சொட்டுது" என்றார் மூன்று மணிக்கு.

"இப்பயும்" என்றார் நாலு மணிக்கு.

சாமுண்டீஸ்வரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு குச்சியோடு எதிரே நின்று காக்காய் ஓட்டினாள். மிக்ஸியைக் காக்காய் தூக்காது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் அவளுக்கு. ஒரு தடவை தெய்வநாயகியைப் பார்த்து, "அக்கா, நான் அன்னிக்கு சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"காக்காவப் பாரு" என்றாள் தெய்வநாயகி.

ஐந்தேகாலுக்குப் பொன்னுரங்கம் காதை எடுக்கவே இல்லை. லட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏரிக்காற்று ஆரம்பித்திருந்தது. ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் பல்பு போட்டால் கரண்டு சோர்ந்துவிடும், அதற்கு முன்னால் செய்தாக வேண்டும்.

"சத்தமில்ல" என்று எழுந்தார். "கல்லு மாதிரி கீது. வாங்க."

உள்ளே கொண்டு வைத்தார்கள். லட்சுமி துணியால் துடைத்து, ஓட்டைகளில் ஊதி, கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் சொருகினாள். சாமுண்டீஸ்வரி புதிதாக மிளகாய், தனியா எல்லாம் ஊறவைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தாள். யாரும் சொல்லாமலே.

"யாரு போடறது?" என்றாள் லட்சுமி.

"தள்ளு" என்றாள் தெய்வநாயகி.

பயம் இல்லாமல் இல்லை. மாரியாத்தாளை நினைத்தாள். மூடியின் மேல் இடது கையை வைத்தாள். குங்குமம் கரைந்து வழிந்திருந்த சுவிட்சை வலது விரலால் அமுக்கினாள்.

ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு உறுமல். வீடே அதிர்ந்தது. சாமுண்டீஸ்வரி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள். எதிர்வீட்டுக் குப்பம்மா ஓடிவந்தாள், "ஓடுதா? ஓடுதா?" என்று. பொன்னுரங்கம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

தெய்வநாயகி விழுதை வழித்து ஒரு துளி எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். அவர் நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார், குடையில் காது வைத்தபோது மூடிய மாதிரியே.

"உன் குழம்பு" என்றார்.

ஐந்து மாதம் சாமுண்டீஸ்வரியின் குழம்பைச் சாப்பிட்டு நல்லாருக்கு, நல்லாருக்கு என்றவர். தெய்வநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடியைக் கழுவப் போனாள்.

அப்போதுதான் வடிவேலு வந்தான். ஆரம்பாக்கத்துக்குக் கருவாடு போடப் போயிருந்தவன். மிக்ஸியைப் பார்த்தான், சந்தோஷப்படவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான்.

"அண்ணி, தப்பு பண்ணிட்டேன். சம்பந்தி ஊட்டாண்ட போனேன். ஞாயித்துக்கெழம யாரு அரைக்கறாங்கன்னு மாப்ள அம்மா கேட்டாங்க. அண்ணன் மிக்ஸி வாங்கப் போயிருக்காருன்னு பெருமையா சொல்லிட்டேன்."

"அதுக்கு?"

"மொகம் மாறிப்போச்சு. மிஷினுக்கு ஏது கை, பெத்தவ கைதான் எங்களுக்கு வேணும்னாங்க. சனிக்கெழமையே வராங்களாம். பக்கத்துல ஒக்காந்து பாப்பாங்களாம். அம்மியில அரைக்கலேன்னா தட்டு மாத்தறத யோசிக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க."

மிக்ஸியின் சத்தம் நின்ற வீட்டில் அந்தப் பேச்சு பெரிதாகக் கேட்டது. லட்சுமி பிளக்கைப் பிடித்தபடியே நின்றாள். பொன்னுரங்கம் சொம்பைக் கீழே வைத்தார். எல்லோரும் தெய்வநாயகியைப் பார்த்தார்கள், காலையில் கடையில் பார்த்த மாதிரி.

அவள் மூலையில் இருந்த அம்மியைப் பார்த்தாள். மிக்ஸியைப் பார்த்தாள். பிறகு காலையில் பஸ்ஸில் கொண்டுபோன அதே தூக்கை எடுத்தாள். ஜாடியிலிருந்து வழித்து வைத்த விழுதை அதில் போட்டு, மேலே உப்பைத் தூவி அமுக்கினாள். மூடியை அமுக்கி மூடினாள்.

"நாளைக்கும் அந்தப் பக்கம்தான போற?"

"ஆமா அண்ணி."

"இத அவுங்க கையில குடு. அம்மியா மிஷினான்னு நீ சொல்லாத. நாக்குல வெச்சு அவுங்களே சொல்லட்டும். கண்டுபுடிச்சுட்டாங்கன்னா சனிக்கெழம வரட்டும், நான் கை செத்தாலும் அம்மியில அரைக்கறேன். கண்டுபுடிக்க முடியலேன்னா இந்த மிஷின்லதான் அரைப்பேன். பக்கத்துல ஒக்காந்து பாக்கட்டும்."

இப்படிப் பேசியது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வடிவேலு தூக்கை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு தயங்கினான்.

"யாரு கை அரைச்சதுன்னு கேட்டா இன்னா அண்ணி சொல்றது?"

தெய்வநாயகி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து சாமுண்டீஸ்வரியின் குரல் வந்தது. காக்காய் ஓட்டிய குச்சி இன்னும் அவள் கையில் இருந்தது.

"அக்கா கைன்னு சொல்லுய்யா. வேற யாரு கை?"